மூவாயிரம் ரூபாய்க்கு ஐந்து விடைகள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் நாலு ஏக்கர் முந்திரிக்கொல்லையை விற்க அப்பா முன்பணம் வாங்கினார்.
2. வாங்குகிறவரின் வக்கீல் தாத்தாவின் உயிலைப் பார்த்துவிட்டு, அத்தையின் கையெழுத்து இல்லாமல் கிரயம் செய்யக்கூடாது என்றார்.
3. உயிலில் அத்தைக்கு மூவாயிரம் ரூபாய் என்று எழுதியிருந்தது. அதை யாரும் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.
4. ஐம்பது வருடத்துக்கு முந்தைய மூவாயிரம் இன்றைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தரும்படி அப்பா என்னிடம் கேட்டார்.
5. போட்டுக் கொடுத்தேன்.
6. அத்தை கையெழுத்துப் போட்டார்.
7. உயிலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன்.

ஏழாவது, நான்காவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும். இதற்கு மேல் எழுதப்போவது எல்லாம் அந்த இடமாற்றத்தைப் பற்றித்தான்.

அரியலூருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சிமெண்டில் வார்த்த கட்டிகளை மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் அழுத்தி உடைத்து, எந்த எடையில் உடைந்தது என்று எழுதுவது என் வேலைகளில் ஒன்று. வெறும் எண்ணை மட்டும் எழுதி யாராவது தாளை நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கிலோவா, டன்னா, எந்த நாள் கட்டி, யார் வார்த்தது என்று எழுதாத எண்ணுக்கு எங்கள் கூடத்தில் மதிப்பில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் நான் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான்.

அப்பா வாட்ஸப்பில் அனுப்பியது உயிலின் இரண்டாம் பக்கம் மட்டும். ஒரு மூலையில் அவர் கட்டைவிரல் விழுந்திருந்தது. 'ரூபாய் மூவாயிரத்தை என் மகன் என் மகளுக்கு, அவள் கல்யாணச் செலவு நீங்கலாக, கொடுக்க வேண்டியது' என்று மையெழுத்தில் இருந்த வரியைச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். மூன்று பக்க உயில் அது. மற்ற இரண்டை நான் கேட்கவில்லை.

"பாப்பா, அந்தக் காலத்து மூவாயிரம் இப்ப எவ்வளவுன்னு உன் கம்ப்யூட்டர்ல போட்டா வந்துடும்ல?"

"எத வச்சுப்பா போடறது?"

"எத வச்சாவது போடு. அக்காவுக்கு நியாயமா செய்யணும்ல."

"நியாயம்னா அண்ணிகிட்டயே ஒரு வார்த்த கேட்டுடலாமே," என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார்.

"அவளுக்கு என்ன தெரியும், கணக்கு?" என்றார் அப்பா.

அத்தை அப்பாவுக்கு ஐந்து வயது மூத்தவர். தாத்தா இறந்தபோது அத்தைக்குப் பதினாறு, அப்பாவுக்குப் பதினொன்று. இரண்டு வருடம் கழித்து அத்தையைப் பெரம்பலூரில் கட்டிக் கொடுத்தார்கள். மாமா இறந்து எட்டு வருடமாகிறது. ஒரே மகள் திருப்பூரில் இருக்கிறாள். அத்தை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறார். கணக்குத் தெரியாதவர் இல்லை. அரைப்படி உளுந்து எத்தனை வீட்டுக்கு எத்தனை நாளைக்கு வரும் என்று கண்ணாலேயே சொல்லுவார்.

அந்த வாடகை வீட்டை இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். புரட்டாசிக்குள் காலி செய்ய வேண்டும். அதே தெருவில் ஒரு வீடு ஒத்திக்கு வந்தது. நாலு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் வாடகை இல்லாமல் இருக்கலாம். காலி செய்யும்போது பணம் திரும்பி வரும். அத்தையிடம் சீட்டில் சேர்த்த ஒரு லட்சத்துப் பத்தாயிரம் இருந்தது. தெரு மாறினால் மாவு வாங்குகிறவர்கள் மாறிவிடுவார்கள் என்பதால் அந்த வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தார். கொல்லை விலைபோவது தெரிந்ததும், "தம்பி ஏதாவது பாத்துக் குடுத்தா நல்லாருக்கும்," என்று மட்டும் அம்மாவிடம் போனில் சொன்னார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மறைக்காமல் சொல்வதென்றால், எனக்குப் பிடித்திருந்தது. அத்தையைக் கூப்பிட்டு, அந்தக் காலத்தில் பவுன் என்ன விலை என்று கேட்டேன்.

"எதுக்குடி கேக்கற? பழைய வெலைக்கே நகை எடுக்கப் போறியா? எந்தக் கடைன்னு சொல்லு, நானும் வரேன்."

"சும்மாதான் அத்தை."

"எங் கல்யாணத்தப்ப நானூறு ரூவா. அதையே அநியாய வெலைன்னு திட்டுனாங்க."

ஏன் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

கூலி அப்பாவுக்கு நினைவிருந்தது; ஆம்பிளைக்கு நாளொன்றுக்கு மூன்று ரூபாய். தா.பழூரில் நெல் போடும் அப்பாவின் நண்பர், மூட்டை ஐம்பதுக்குப் போனது என்றார். மிச்சத்தை நானே தேடி எடுத்தேன். ஐந்து விடைகள் வந்தன. மூவாயிரத்தை ஆறு சதவீதத் தனிவட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் பன்னிரண்டாயிரம். நெல்லாக வாங்கியிருந்தால் தொண்ணூறாயிரம். பொதுவான விலைவாசியை வைத்துப் பார்த்தால் ஒரு லட்சத்து இருபதாயிரம் அளவுக்கு. கூலியாகப் பார்த்தால் ஆயிரம் ஆள் வேலை, ஆறு லட்சம். தங்கமாக இருந்தால் ஏழரைப் பவுன், ஆறு லட்சத்துக்கு மேல்.

ஒரே மூவாயிரம். சின்ன விடைக்கும் பெரிய விடைக்கும் ஐம்பது மடங்கு வித்தியாசம். வேலையிடத்தில் ஒரே சாம்பிளுக்கு இப்படி ஐந்து முடிவு வந்தால் கருவியை நிறுத்திவிட்டு என்ன தப்பு என்று பார்ப்போம். நான் நிறுத்தவில்லை. கட்டம் கட்டி, சிறியதிலிருந்து பெரியதுக்கு அடுக்கி, அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். சிறியதை மேலே வைப்பது என் பழக்கம். வேறு காரணம் இல்லை.

அப்பா மேல் வரியில் விரலை வைத்தார்.

"பன்னெண்டாயிரம். சரி."

"அப்பா, அது ஒரு முறைதான். கீழ இன்னும் நாலு இருக்கு."

"இது பேங்க் கணக்குதானே? பேங்க்காரன விட யாரு சரியா போடுவா? நான் அதுக்கு மேல டபுளாவே செய்யறேன், போ."

அந்த இடத்தில் நான் பேசியிருக்கலாம். பேசாததற்குக் காரணமும் தெரியும். தை மாதம் என் கல்யாணம். கொல்லை விற்ற பணத்தில் அப்பாவின் கடன் போக மீதி எனக்கு நகையாவதாக ஏற்பாடு. கீழே இருந்த நாலு வரியில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது என் கழுத்திலிருந்து குறையும். இதை நான் அப்போது இவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை. ஆனால் அந்தத் தாளை மடித்து என் பைக்குள் வைத்தது நான்தான்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை அத்தை அரியலூருக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்து, "உங்க ஊர்ல ஆட்டோக்காரன் கேக்கற காசுக்கு பெரம்பலூருக்கே திரும்பிப் போயிடலாம்," என்றபடி உள்ளே நுழைந்தார். சாப்பிட்டோம். அதன் பிறகு அப்பா அம்மாவைத் தாம்பாளம் எடுத்து வரச் சொன்னார். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், மாம்பழக் கலரில் ஒரு பட்டுப்புடவை, அதன்மேல் ஒரு கவர். கவரில் இருபத்தைந்தாயிரம்.

எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டுச் சீரை வாங்குகிறவர்கள் அங்கேயே எண்ணிப் பார்ப்பதில்லை. குறைவு என்று சொல்வதும் இல்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் வைத்துக்கொள்வார்கள். மேசைமேல் உயிலை விரித்து வைத்து எண்ணிக் கொடுத்திருந்தால் அத்தை ஒருவேளை கேட்டிருப்பார். தட்டில் வந்ததைக் கேட்க முடியாது. அப்பா இதை யோசித்துத்தான் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செய்யும்போது அவர் கண் கலங்கியிருந்தது என்பதும் உண்மை.

"அப்பா உயில்ல எழுதுன மூவாயிரம்க்கா. பாப்பா கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா. அதுக்கு மேலயே செஞ்சிருக்கேன்."

அத்தை என்னைப் பார்த்தார். "பாப்பா போட்டா சரியாத்தான் இருக்கும்."

நான் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை ஆண்டிமடம் சார்பதிவாளர் ஆபீசில் அத்தையின் விடுதலைப் பத்திரத்துக்குக் கையெழுத்து; கிரயம் பிறகுதான். பத்திரம் எழுதுகிறவர், 'எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டு' என்று வாசித்தபோது அத்தை சரி சரி என்று தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டு, பெருவிரல் ரேகையும் வைத்தார். கேமரா முன்னால் உட்காரவைத்தபோது, "அந்தப் பட்டுப்பொடவையக் கட்டிட்டு வந்திருக்கலாம், மறந்துட்டேன் பாரு," என்றார். வெளியே வந்து எல்லோரும் டீ குடித்தோம். ஜெயங்கொண்டத்தில் அத்தை பெரம்பலூர் பஸ் ஏறினார். அப்பா வக்கீலைப் பார்க்க அங்கேயே இறங்கிக்கொண்டார். பத்திரக் கட்டு இருந்த பை என் மடியில் இருந்தது. அரியலூர் வரை வேறு வேலையில்லை. அப்போதுதான் உயிலைப் படித்தேன்.

இரண்டாம் பக்கத்து வரி முதல் பக்கத்தின் கடைசியில் ஆரம்பிக்கிறது. அப்பா அனுப்பிய படத்தில் அது இல்லை. 'மேற்படி முந்திரிக்கொல்லையின் மூன்று வருஷத்துக் குத்தகைப் பணமாகிய' என்று முதல் பக்கம் முடிகிறது. அடுத்த பக்கத்தில்தான் ரூபாய் மூவாயிரம். மூன்றாம் பக்கத்தில் இன்னும் ஒன்று இருந்தது. மகன் கொடுக்கத் தவறினால் மகளே மூன்று வருஷத்துக்கு மரங்களைக் குத்தகைக்கு விட்டு எடுத்துக்கொள்ள வேண்டியது.

தாத்தா அலகை எழுதியிருந்தார். அலகு இல்லாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது நான்.

குத்தகை என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். தை, மாசியில் முந்திரி பூக்கும்போது வியாபாரி வந்து கொல்லையைச் சுற்றிப் பார்ப்பார். பூவைப் பார்த்து அந்த வருடத்துக் காய்ப்பை மதித்து ஒரு தொகை சொல்லுவார். பணத்தைக் கொடுத்துவிட்டு, வெயில் காலம் முடியும்வரை கொட்டை முழுக்க அவர் பொறுக்கிக்கொள்வார். நான் பத்தாவது படித்த வருடத்திலிருந்து குத்தகைச் சீட்டு எழுதுவது நான்தான். என் காலேஜ் பீஸ் நாலு வருடமும் அந்தப் பணத்தில் கட்டியது. தங்கத்துக்கும் நெல்லுக்கும் ஊரெல்லாம் விலை விசாரித்தவள், என் கையெழுத்திலேயே வீட்டில் இருந்த விலையைப் பார்க்கவில்லை.

போன மாசியில் நான் எழுதிய சீட்டில் தொண்ணூற்றைந்தாயிரம். மூன்று வருடத்துக்கு இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். அத்தையின் சீட்டுப் பணத்தோடு சேர்த்தால் ஒத்திக்கு ஐயாயிரம்தான் குறையும். செந்துறை தாண்டும்போது இந்தக் கூட்டலை மனதில் மூன்று தடவை போட்டேன். அதே விடைதான் வந்தது.

சாயங்காலம் அப்பாவிடம் காட்டினேன்.

"அதான் கையெழுத்து ஆயிடுச்சில்ல," என்றார்.

"உயில்ல இப்படி எழுதியிருக்குப்பா."

"எங்கப்பா எழுதுனது எனக்குத் தெரியாதா?"

"அப்ப தெரியுமா?"

அவர் எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, புள்ள கேக்குதுல்ல," என்றார் அம்மா.

"கேக்கட்டும். அவளுக்கு மூணு வருஷம்னு எழுதுனாரு. எனக்கு? பதினோரு வயசுல பள்ளிக்கூடத்துலருந்து நிறுத்தி அந்தக் கொல்லையில விட்டாங்க. அம்பது வருஷம் களை வெட்டுனது யாரு? புயல்ல சாஞ்ச மரத்துக்கெல்லாம் மறுபடி கன்னு வச்சது யாரு? அவ ஒரு நாளு வந்து ஒரு குடம் தண்ணி ஊத்தியிருப்பாளா?"

"கட்டிக் குடுத்த பொண்ணு எப்படிங்க வந்து ஊத்தும்?"

"கல்யாணத்துக்கு எவ்வளவு குறையுதுன்னு நான் ராப்பகலா கணக்குப் போட்டுட்டிருக்கேன். அதுக்கு மட்டும் இந்த வூட்ல யாரும் கம்ப்யூட்டர எடுக்கல."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மறுநாள் வக்கீலிடம் போனில் கேட்டேன். பதிவான பத்திரம் பதிவானதுதான், இனி அத்தைக்கு வேண்டுமென்றால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அதுவும் நிற்குமா என்று சொல்ல முடியாது என்றார்.

அடுத்த ஞாயிறு பெரம்பலூர் போனேன். அத்தை கிரைண்டர் முன்னால் மணை போட்டு உட்கார்ந்திருந்தார். சத்தத்தில் நான் சொன்னது பாதிதான் கேட்டிருக்கும். கிரைண்டரை நிறுத்தினார். முதலிலிருந்து சொன்னேன். ஐந்து விடைகள், மேல் வரி, நான் தலையாட்டியது, எல்லாவற்றையும்.

"இத ஏன்டி இப்ப வந்து சொல்ற?"

"தெரிஞ்சது இப்பதான் அத்தை."

"சீருன்னு வாங்குனேன். உங்க மாமா செத்தப்பறம் மொத தடவையா எந்தம்பி தட்டுல வச்சுக் குடுத்தான். மாவு வாங்க வர்ற பொம்பளைங்க எல்லாருகிட்டயும் அந்தப் பொடவையக் காட்டுனேன். இப்ப நீ வந்து, அது சீரில்ல, கொறச்சலாக் குடுத்த பாக்கிங்கற."

நான் உயிலின் நகல் தாள்களை அவர் பக்கத்தில் வைத்தேன். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். எழுத்துக்கூட்டி, விரலை வைத்து, மூன்று பக்கத்தையும் படித்தார். தாத்தாவின் கையெழுத்து வந்த இடத்தில் விரலை எடுக்காமல் வைத்திருந்தார்.

"எங்கப்பா எனக்கு மரத்தக் குடுத்திருக்காரு," என்றார். "நான் இத்தன வருசமா ரூபான்னு நெனச்சிட்டிருந்தேன்."

வாசலில் ஒரு பெண் தூக்குவாளியோடு வந்து நின்றாள். அத்தை எழுந்து மாவு அளந்து போட்டு, சில்லறை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"உனக்கு நகை போடத்தானே?"

"ஆமா."

"ம்."

என் சேமிப்பிலிருந்து எண்பதாயிரம் கொண்டுபோயிருந்தேன். கவரை எடுத்தபோதே கையை நீட்டித் தடுத்தார்.

"உங் காசு எதுக்கு எனக்கு? இது உங்கப்பன் குடுக்க வேண்டியது. நீ குடுத்தா அவன் குடுத்ததா ஆயிடுமா? அப்புறம் அவனும் குடுத்த மாதிரி நிம்மதியாத் தூங்குவான்."

"கோர்ட்டுக்குப் போறதுன்னா நான் கூட வரேன் அத்தை."

"தம்பி மேல கேசு போட்டுட்டு எந்த மூஞ்சோட உங் கல்யாணத்துக்கு வந்து நிக்கறது? அத்தைன்னு மணவறையில முறை செய்ய வேணாமா நான்?" தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, "ஒண்ணு பண்ணு. எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. உங் கையாலயே எழுது," என்றார்.

மாவுக் கணக்கு எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். இந்த முறை ஒரே வரிதான் எழுதினேன். நாலு ஏக்கர் முந்திரிக்கொல்லை, மூன்று வருடக் குத்தகை, வருடத்துக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு. கீழே என் கையெழுத்து. அத்தை அதை இரண்டு தடவை படித்தார். மடித்துப் பட்டுப்புடவை இருந்த பெட்டியில், புடவை மடிப்புக்குள் வைத்தார். பிறகு கிரைண்டரைப் போட்டார். கிளம்பும்போது வழக்கம்போல் ஒரு டப்பா மாவு கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இன்றைய நிலவரம் இது. ஒத்தி வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. அத்தை இரண்டு தெரு தள்ளி, மாதம் மூவாயிரத்து ஐந்நூறு வாடகையில், ஒரு வீட்டின் பின்பக்க அறைக்குக் குடி போயிருக்கிறார். பழைய வாடிக்கையில் பாதிப் பேர்தான் அங்கே வருகிறார்கள். கொல்லையின் கிரயம் ஐப்பசிக் கடைசியில். நகைக்கு ஒதுக்கியதில் இரண்டு லட்சத்து அறுபதாயிரத்தைக் குறைத்து அத்தையிடம் கொடுக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா சரி என்றார், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பா என்னோடு எல்லாம் பேசுகிறார், இதை மட்டும் பேசுவதில்லை. கிரயத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. பாக்கி இரண்டு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்.